மெயில் போய்ச் சேர்ந்தது, பார்க்கத்தான் சகிக்கவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மார்கழி சீசன் அட்டவணை, ஆடித் தள்ளுபடி, நந்தனம் புத்தகக் காட்சிக்கு அழைப்பு என்று சென்னையில் வருஷம் முழுக்க யாராவது ஒருவர் கலர் கலராக மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அனுப்பியவர் திரையில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். புகார் மறுநாள் காலையில் வரும். வலைப்பக்கம் என்றால் இரண்டு மூன்று பிரவுசரில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மெயிலைத் திறக்கும் ஆப்கள் அப்படி இல்லை, மெயிலின் வடிவத்தைச் சொல்லும் எச்டிஎம்எல் மொழியை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். ஆங்கிலத்தில் இதற்கு வழிகாட்டிகள் ஏராளம். தமிழில் அனுப்பும்போது மட்டும் முளைக்கிற கோளாறுகளை அவை தொடுவதே இல்லை என்பதால் அவற்றை இங்கே முன்னால் வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சபாவின் டிசம்பர் மெயிலை வைத்துக்கொள்வோம். மேலே லோகோ, அதன் கீழே வித்வானின் பெரிய படம், பிறகு தேதி, நேரம், கலைஞர், அரங்கம் என்று நாலு பத்தி அட்டவணை, ‘டிக்கெட் பதிவு’ என்றொரு பொத்தான், கடைசியில் முகவரியும் தொலைபேசி எண்ணும். சாதாரணமான மெயில்தான். உடைவதற்கு இதில் பத்து இடம் இருக்கிறது.

எதில் திறந்தார்?

மெயிலின் நிரலை, அதாவது ‘கோடை’த் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் அவ்வளவு சுலபமாக வராது.

“என்னப்பா, படமே வரலையே?”

“எதுல பார்க்கிறீங்க சார்? ஃபோன்லயா, கம்ப்யூட்டர்லயா?”

“ஜிமெயில்லதான்.”

“ஜிமெயில் ஆப்லயா, குரோம்ல திறந்தா?”

“எல்லாம் ஒண்ணுதானேப்பா.”

ஒன்று இல்லை. குரோமில் திறக்கும் ஜிமெயில் ஒரு மாதிரி. ஃபோனில் ஜிமெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கைத் திறந்தால் இன்னொரு மாதிரி. அதே ஆப்பில் ஆபீஸ் கணக்கை ஐமேப் (வேறு சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறை) வழியாகச் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது மாதிரி. அவுட்லுக்கிலும் இதே கதைதான். விண்டோஸில் பழைய அவுட்லுக், புதிய அவுட்லுக், வலையில் திறப்பது, ஃபோன் ஆப் என்று நாலு தனித்தனிச் சரக்குக்கு ஒரே பெயர். அதனால் புகார் செய்பவரிடம் முழுத் திரை ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள், வெட்டாமல். மேல் ஓரத்து ஐகான்களைப் பார்த்தாலே எந்த ஆப் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

“எழுத்தெல்லாம் ஏதோ பிரெஞ்சு மாதிரி வருது”

தமிழ் மெயிலுக்கே உரிய நோய் இது. உடைந்த எழுத்துகள் எப்படி இருக்கின்றன என்று உற்றுப் பார்த்தால் காரணம் அதிலேயே இருக்கும். நாலு வகை.

முதல் வகையில், தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ-வும் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வரும். எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவது இரண்டில் ஒன்று. அந்த பைட்டுகளைப் பழைய மேற்கத்திய எழுத்துத் தொகுதி என்று நினைத்து ஆப் படித்தால் இந்த ஏ-வும் ஆர்-உம் மாறி மாறி வரும். தரவு கெடவில்லை, பெயர்ப்பலகைதான் தவறு. எச்டிஎம்எல்-க்குள் மெட்டா டேகில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருப்பீர்கள், ஆனால் மெயிலில் அது போதாது. அந்தப் பகுதியின் ‘கன்டென்ட்-டைப்’ தலைப்பு வரியிலும் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், ஏனென்றால் ஆப் முதலில் நம்புவது அதைத்தான். சொந்த நிரலில் பிஎச்பி-மெயிலர் என்ற மெயில் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இங்கேயே மாட்டுவார்கள். அதன் இயல்பான எழுத்துத் தொகுதி ஐஎஸ்ஓ-8859-1. ‘கேர்செட்’ மதிப்பை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் வேலை முடிந்தது.

இரண்டாம் வகையில் கோடோ தொப்பியோ இல்லாத சுத்தமான ஆங்கில எழுத்துகள், ஆனால் அர்த்தமில்லாத கலவை. அழைப்பிதழ் அடித்துத் தந்த டிடிபி கடையிலிருந்து வந்த வாசகத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரக் குறியீடுகளை அறிவித்தார்கள். 2010-இல் தமிழக அரசு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சுக் கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் சௌக்கியமாக இருக்கின்றன. மெயிலில் எழுத்துருவை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வாசகத்தையே யூனிகோடாக மாற்றி, ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். மாற்றிகள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ‘ஸ்ரீ’ இவற்றில் சறுக்கும். கலைஞர் பெயர்களில் ‘ஸ்ரீ’ எத்தனை வரும் என்று சபாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் வகையில் எல்லாம் சரியாக இருக்கும், அங்கங்கே ஒரு எழுத்து மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக மாறியிருக்கும். மூன்று பைட் எழுத்தை யாரோ நடுவில் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மெயிலில் ஒரு வரி 998 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, தமிழில் இதைக் கணக்குப் பார்க்க வேண்டியது பைட்டில். கோடை இறுக்கிச் சுருக்கும் கருவியில் போட்டு ஒரே நீள வரியாக்கி அனுப்பினால், வழியில் உள்ள சர்வர் தன் வசதிக்கு அதை வெட்டும். வெட்டு தமிழ் எழுத்தின் நடுவில் விழுந்தால் வைரம். தீர்வு, உடலைக் கோட்டட்-பிரின்டபிள் அல்லது பேஸ்64 குறியேற்றத்தில் அனுப்புவது. இரண்டுமே வரிகளைச் சிறியதாக உடைத்துவிடும்.

வைரம் மெயிலின் தலைப்பில் (சப்ஜெக்ட் வரியில்) மட்டும் வந்தால் கணக்கு வேறு. தமிழ்த் தலைப்பு குறியேற்றப்பட்ட துண்டுகளாகத்தான் போகும், ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் உள்ள அடையாளங்களைக் கழித்தால் பேஸ்64-க்கு மிஞ்சுவது 60 எழுத்து. அதாவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறி. ‘தமிழ்’ என்ற சொல்லே த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி ஆகிவிடுவதால் ஒரு துண்டில் இரண்டு மூன்று சொல்தான் கொள்ளும். ஒரு எழுத்தை இரண்டு துண்டுக்குப் பங்கு போடுவதும் விதிப்படி தவறு. தலைப்பைக் கையால் குறியேற்றி நீளத்தைப் பார்த்து வெட்டுகிற நிரல்கள் இங்கே சறுக்கும். பிஎச்பி-யின் சாதாரண மெயில் கட்டளை தலைப்பைத் தானாகக் குறியேற்றவே செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வேலையை ஒரு நல்ல நூலகத்திடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

நாலாவது வகையில் எழுத்துக்கு ஒன்றாக வெறும் கேள்விக்குறி வரிசை. இதற்கு மெயிலில் மருந்து இல்லை. தரவுத்தளத்துக்குள் போகும்போதே தமிழ் தொலைந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் பட்டியல் லத்தீன் தொகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றிவிட்டுப் பெயர்களைத் திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

எழுத்து சரிதான், ஆனால் தலை வெட்டுப்பட்டிருக்கிறது

‘கீ’, ‘தீ’, ‘மீ’ இவற்றின் மேல் சுழி காணோம். அல்லது ‘கூ’வின் வால் அடுத்த வரியில் இடிக்கிறது. ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்து வாசகத்தை மட்டும் தமிழாக்கினால் இது நிச்சயம் வரும். ஆங்கிலத்துக்கு 1.2, 1.3 வரி உயரம் போதும். தமிழுக்கு 1.6 வைத்தால்தான் மூச்சு விடும். பழைய அவுட்லுக்குக்காக ‘எம்எஸ்ஓ-லைன்-ஹைட்-ரூல்: எக்ஸாக்ட்லி’ என்று ஒரு வரி பல டெம்ப்ளேட்டுகளில் இருக்கும். சொன்ன உயரத்தைத் துல்லியமாகப் பிடி என்பது அதன் அர்த்தம், அதைத் தாண்டும் சுழியை அது வெட்டியே விடும். அந்த வரியை எடுங்கள், அல்லது உயரத்தைத் தாராளமாக வையுங்கள். ஆங்கிலத் தலைப்புகளில் அழகுக்காகக் கொடுக்கும் எழுத்து இடைவெளியையும் தமிழில் எடுத்துவிடுங்கள். எழுத்தும் அதன் கொம்பும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். அளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால், தடித்த எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் பார்வைக்கு ஒன்றாகிவிடும்.

எழுத்துரு விஷயத்தில் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யூஐ கூடவே வருகிறது. அதற்கு முந்தையவற்றில் லதா. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். இவை எல்லாமே படிக்கத் தகுந்தவை. கூகுளிலிருந்து எடுத்த ஒரு வெப் எழுத்துருவை வைத்தால் ஆப்பிள் மெயிலில் வரும், ஜிமெயிலில் வராது. பழைய அவுட்லுக்கில் வேடிக்கையாக ஒன்று நடக்கும். பட்டியலில் முதலில் இருக்கும் வெப் எழுத்துரு கிடைக்காவிட்டால், அது அடுத்ததைப் பார்க்காமல் நேராக டைம்ஸ் நியூ ரோமனுக்குத் தாவும். அதில் தமிழ் இல்லை, ஆகவே தமிழை மட்டும் விண்டோஸ் வேறு எழுத்துருவில் காட்டும். விளைவு, கலைஞர் பெயர் ஒரு முகத்திலும் பக்கத்தில் ‘6.15’ என்ற நேரம் செய்தித்தாள் முகத்திலும் நிற்கும். அட்டவணையில் எண் மட்டும் அந்நியமாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் இதுதான் காரணம். அவுட்லுக்குக்கென்று தனியாக ஒரு எழுத்துரு விதி எழுதினால் சரியாகும்.

“பாதி மெயில்தான் வந்திருக்கு”

ஜிமெயிலில் கடைசியில் ‘மெசேஜ் கிளிப்டு’ என்று ஒரு வரி வந்து, முழுதும் பார்க்க ஒரு சுட்டி கொடுத்திருக்கும். எச்டிஎம்எல் 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் வெட்டும். படங்களின் எடை இதில் சேராது, கோடும் வாசகமும்தான் கணக்கு. வெட்டுப்பட்டால் அடியில் இருக்கும் ‘இனி வேண்டாம்’ சுட்டியும் திறப்பை எண்ணும் படமும் சேர்ந்து போய்விடும். சுட்டி கிடைக்காதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்.

தமிழுக்கு இந்த வரம்பு இன்னும் குறுகல். ‘தமிழ்’ என்ற சொல் யுடிஎஃப்-8-இல் 15 பைட். சில எடிட்டர்கள் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியையும் எண் வடிவக் குறியீடாக மாற்றும். அப்போது ‘த’ ஒன்றுக்கே ஏழு எழுத்து, சொல் முழுவதற்கும் 35. நேரான தமிழை வைத்தாலே பாதிக்கு மேல் மிச்சமாகும். வேர்டிலிருந்து நேராக ஒட்டிய வாசகம் இன்னொரு பாரம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஸ்பேன், அதற்குள் நாலு வரி ஸ்டைல். நோட்பேடில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். அப்படியும் நீளமாக இருந்தால் முதல் வாரக் கச்சேரிகளை மட்டும் வைத்துவிட்டு, மீதியை வலைப்பக்கத்துக்கு அனுப்புங்கள். முப்பது நாள் அட்டவணையை மெயிலில் யாரும் முழுக்கப் படிப்பதில்லை.

பழைய அவுட்லுக்: இது தனி உலகம்

வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ விண்டோஸ் கணினியில் திறந்தவரிடமிருந்து புகார் வந்தால் பாதி நேரம் இதுதான். 2003 வரை அவுட்லுக் மெயிலைக் காட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்தியது. 2007-இலிருந்து அந்த வேலையை மைக்ரோசாஃப்ட் வேர்டிடம் கொடுத்துவிட்டது. உங்கள் மெயில் அங்கே ஒரு வேர்டு ஆவணம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். புதிய அவுட்லுக் வலைப் பதிப்பைப் போன்றதுதான், அதில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் பழையதற்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அலுவலகங்கள் அதற்கு முன்னால் அவசரப்பட்டு மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வித்வான் படம் திரையைத் தாண்டி வலதுபக்கம் ஓடுகிறதா? ஃபோனில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 1200 பிக்சலில் படம் செய்து, ‘மேக்ஸ்-விட்த்’ கொண்டு அடக்கியிருப்பீர்கள். வேர்டுக்கு மேக்ஸ்-விட்த் தெரியாது, முழு அளவில் விரித்துவிடும். இமேஜ் டேகிலேயே விட்த் 600 என்று எழுதுங்கள், ‘பிக்சல்’ என்று சேர்க்காமல் வெறும் எண்ணாக.

இரண்டு பத்தி பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியது ஒன்றின் கீழ் ஒன்றாக விழுந்திருக்கிறதா? பத்திகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் முறைகள் எதுவும் அங்கே வேலைக்கு ஆகாது. டிவ் என்ற கட்டங்களை அடுக்கியிருந்தாலும் அகலத்தை மதிக்கும் என்று நம்ப முடியாது. எலும்புக்கூடு டேபிளாக இருக்க வேண்டும். ஃபோனில் மடங்கவும் வேண்டும், அவுட்லுக்கில் நிற்கவும் வேண்டும் என்றால், ‘இஃப் எம்எஸ்ஓ’ என்ற நிபந்தனைக் குறிப்புக்குள் ஒரு டேபிளை வைத்து டிவ்-களைச் சுற்றுங்கள். அவுட்லுக் மட்டும் அந்த டேபிளைப் படிக்கும், மற்றவை அதை வெறும் குறிப்பு என்று தாண்டிப் போகும். அமைப்புக்காக வைக்கும் ஒவ்வொரு டேபிளிலும் ‘ரோல்: பிரசென்டேஷன்’ சேர்த்துவிடுங்கள். பார்வையற்ற ரசிகர் திரைவாசிப்பானில் கேட்கும்போது ‘ஒன்றாம் வரிசை, ஒன்றாம் பத்தி’ என்று அது படுத்தாமல் இருக்கும். கச்சேரி அட்டவணை உண்மையிலேயே அட்டவணை, அதில் மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது.

பொத்தான் ஒல்லியாகிவிட்டதா? சுட்டியின் மேல் கொடுத்த பேடிங்கை (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளியை) வேர்டு மதிக்காது. நிறத்தையும் பேடிங்கையும் டேபிள் செல்லுக்கு மாற்றுங்கள். வளைந்த மூலை அங்கே வராது. வரவழைக்க விஎம்எல் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் படமொழி இருக்கிறது, வாடிக்கையாளரும் கேட்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. மூலை சதுரமாக இருப்பதால் யாரும் டிக்கெட் வாங்காமல் போனதில்லை, அடுத்த வருஷம் அந்தக் கோடைத் தொடுகிறவர்தான் திண்டாடுவார்.

நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? வேர்டு பிக்சலைப் பாயின்ட்டாக மாற்றும், ஒரு பிக்சல் முக்கால் பாயின்ட். 15, 17 என்று வைத்தால் பின்னம் மிஞ்சும், மிச்சம் கோடாகத் தெரியும். உயரங்களையும் வரி உயரங்களையும் 4-இன் மடங்காக வைத்தால் பாயின்ட் முழு எண்ணாகிவிடும். அப்படியும் போகாவிட்டால் வெளி டேபிளுக்கும் அதே பின்னணி நிறத்தைக் கொடுங்கள். கோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

நீண்ட அட்டவணையில் எங்கோ ஒரு பெரிய வெற்றிடம் விழுகிறதா? வேர்டு என்பதால் பக்கம் பிரிக்கிறது. ஒரே செல் சுமார் 1800 பிக்சல் உயரத்தைத் தாண்டினால் இது நடக்கும். வாரத்துக்கு ஒரு டேபிளாகப் பிரித்துவிடுங்கள். திரையை 125 அல்லது 150 சதவீதத்தில் வைத்திருக்கும் லேப்டாப்பில் எழுத்து பெரிதாகி, அகலம் மட்டும் பழையபடி இருந்தால், எச்டிஎம்எல்-இன் தொடக்கத்தில் உள்ள ஹெட் பகுதியில் ‘பிக்சல்ஸ் பெர் இன்ச் 96’ என்ற ஆபீஸ் அமைப்பைச் சேர்க்க வேண்டும். நல்ல டெம்ப்ளேட்டுகளில் இது ஏற்கெனவே இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று யாரோ நீக்கியிருப்பார்கள்.

படம் வரவில்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது கோப்பின் பெயரை. ‘அழைப்பு புதியது ஃபைனல் 2’ என்று இடைவெளியும் தமிழும் கலந்த பெயர் வடிவமைப்பாளர் கணினியில் திறக்கும், வழியில் எங்காவது உடையும். சின்ன ஆங்கில எழுத்து, எண், இடையில் சிறு கோடு, இவை மட்டும் போதும். அடுத்தது இடம். டிரைவில் போட்டுப் பகிர்ந்த சுட்டி ஒரு பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி அல்ல. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் எடுத்துக் காட்டுகிறது. எனவே உள்நுழைவு கேட்கும் இடத்தில் வைத்த படத்தை அதனால் எடுக்க முடியாது.

வகையையும் பாருங்கள். எஸ்விஜி லோகோவையும் கோடுக்குள்ளேயே பேஸ்64-ஆகத் திணித்த படத்தையும் ஜிமெயில் காட்டாது. வெப்பி வடிவம் பழைய அவுட்லுக்குக்குப் புரியாது. பிஎன்ஜி, ஜேபெக், ஜிஃப் இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். அசையும் ஜிஃப் என்றால் முதல் சட்டத்திலேயே விஷயம் இருக்கட்டும், அவுட்லுக்கின் பல பதிப்புகள் அதை மட்டுமே காட்டும்.

பெறுபவரே படங்களை நிறுத்தி வைத்திருக்கலாம். அவுட்லுக் இயல்பாகவே நிறுத்தும், ஸ்பாம் பெட்டிக்குள் ஜிமெயிலும் நிறுத்தும். சென்னையில் நிறையப் பேர் செய்கிற மாதிரி, அச்சடித்த அழைப்பிதழையே ஒற்றை ஜேபெக்காக மெயிலில் ஒட்டியிருந்தால் அப்போது மிஞ்சுவது ஒரு வெற்றுக் கட்டம். தேதி, இடம், நேரம் மூன்றையாவது எழுத்தாக வையுங்கள். படம் வராதபோது அதன் இடத்தில் தெரியும் ஆல்ட் வாசகத்தைத் தமிழில், முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘பேனர்1’ என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. மெயில் ஸ்பாமுக்கே போகிறது என்றால் வடிவத்தில் தேடிப் பயனில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கின்றன. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து அந்த வேலை தொடங்கும்.

படத்தின் கீழ் இரண்டு மூன்று பிக்சல் இடைவெளி தெரிந்தால், ‘டிஸ்ப்ளே: பிளாக்’. அவ்வளவுதான்.

ஃபோனில் எல்லாம் பொடியாகத் தெரிகிறது

எங்கோ ஒன்று திரை அகலத்தைத் தாண்டுகிறது. ஐஃபோன் மெயில் அதை உள்ளே கொண்டுவர மொத்த மெயிலையும் சுருக்கிவிடும். குற்றவாளி பெரும்பாலும் படம் இல்லை, ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘ரிஜிஸ்டர்’ என்று எட்டெழுத்தில் முடிவது தமிழில் ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று நீளும். நாலு பத்தி அட்டவணையில் ‘நாமசங்கீர்த்தனம்’ போன்ற ஒரு சொல் தன் செல்லை விரித்து மற்ற மூன்றையும் தள்ளிவிடும். திரை அகலத்துக்கேற்ப ஸ்டைலை மாற்றும் மீடியா குவெரி போட்டு எழுத்தைச் சிறிதாக்குவது தீர்வாகாது. ஃபோனுக்கு நாலு பத்தியே வேண்டாம். தேதியும் நேரமும் ஒரு வரி, கலைஞர் பெயர் தடித்து அடுத்த வரி, அரங்கம் அதன் கீழே என்று அடுக்குங்கள். கணினியிலும் அதையே வைத்தால் என்ன? பார்க்கச் சற்றே நீளம், ஆனால் எங்கும் உடையாது. நான் இப்போதெல்லாம் ஃபோனுக்கு எழுதிவிட்டு அதையே எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

ஜிமெயிலில் மட்டும் அலங்காரமே இல்லை

ஹெட்டில் உள்ள ஸ்டைல் பகுதியை ஜிமெயில் 2016 செப்டம்பரிலிருந்து மதிக்கிறது. ஆனால் அதற்குப் பிடிக்காத ஒரு வரி உள்ளே இருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் தூக்கிவிடும். ஸ்டைலை இரண்டாகப் பிரியுங்கள். எளிமையான விதிகள் ஒன்றில், மீடியா குவெரியும் மற்ற வித்தைகளும் இன்னொன்றில். இரண்டாவது போனாலும் முதலாவது தப்பும். முன்னே சொன்ன ஐமேப் கணக்குகளில் எந்தப் பகுதியும் தப்பாது, அதனால் நிறம், எழுத்தளவு, பேடிங் மூன்றும் அந்தந்த டேகிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து இணைத்த சிஎஸ்எஸ் கோப்பு எப்படியும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் எந்த ஆப்பிலும் ஓடாது.

இரவில் திறந்தால் நிறம் மாறிவிடுகிறது

டார்க் மோட். ஆப்பிள் மெயிலில் நீங்கள் தனியாக எழுதிய இருள் நிறங்கள் எடுபடும். ஜிமெயில் அதைக் கேட்காது, தானே நிறத்தை மாற்றும். ஐஃபோனில் உள்ள ஜிமெயில் ஆப் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். மஞ்சள் பின்னணியில் குங்கும நிறத் தலைப்பு என்று சபா ஆசையாகக் கேட்டது, மங்கிய சேற்று நிறத்தில் வந்து நிற்கும். இதை முழுக்க ஜெயிக்க முடியாது. சேதத்தைக் குறைக்கலாம். சுத்த வெள்ளையையும் சுத்தக் கறுப்பையும் தவிருங்கள். கறுப்பு லோகோவைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி-யாக வைத்தால் இருளில் காணாமல் போகும். எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுங்கள், வெளிச்சத்தில் அது தெரியாது, இருளில் லோகோவைக் காப்பாற்றும். எழுத்து நிறம் எழுதிய இடத்திலெல்லாம் பின்னணி நிறத்தையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், ஒன்று மாறி மற்றது மாறாமல் வாசகமே மறைந்துவிடும்.

தொலைபேசி எண் தானாக நீலமாகிறது

ஐஃபோனின் வேலை. 044 எண்ணையும் ஆங்கிலத் தேதியையும் முகவரியையும் தானே சுட்டியாக்கும். நிறுத்த மெட்டா டேக் உண்டு. ஆனால் எண்ணைத் தொட்டதும் அழைப்பு போவது நல்லதுதானே? நீங்களே அதைத் தொலைபேசிச் சுட்டியாக்கி, நிறத்தையும் அடிக்கோட்டையும் உங்கள் இஷ்டப்படி கொடுத்துவிடுங்கள்.

டேகுகள் அப்படியே எழுத்தாகத் தெரிகின்றன

எச்டிஎம்எல்-ஐ வெற்று வாசகம் என்று அறிவித்து அனுப்பியிருக்கிறீர்கள். வெற்று வாசகம், எச்டிஎம்எல் என்று இரண்டு பகுதியும் அனுப்புவதுதான் முறை. அதில் வெற்று வாசகம் முதலில், எச்டிஎம்எல் கடைசியில் இருக்க வேண்டும். தனக்குக் காட்டத் தெரிந்தவற்றில் கடைசியாக உள்ளதைத்தான் ஆப் எடுத்துக்கொள்ளும்.

சரிசெய்தேன், ஆனால் பழையதே தெரிகிறது

கோடைத் திரும்பத் திரும்ப மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒரே தலைப்பில் சோதனை மெயிலைப் பலமுறை அனுப்பினால் ஜிமெயில் எல்லாவற்றையும் ஒரே உரையாடலாக்கி, முன்பு வந்த அதே பகுதியை மூன்று புள்ளிக்குள் மடித்துவிடும். அடிப்பகுதி காணோம் என்று நீங்கள் பதறுவது அதனால்தான். ஒவ்வொரு சோதனைக்கும் தலைப்பில் ஒரு எண்ணை மாற்றுங்கள். படத்தை மாற்றியும் பழைய படமே வந்தால், ஜிமெயிலின் சர்வர் பழைய பிரதியை வைத்திருக்கிறது. கோப்புக்குப் புதுப் பெயர் வையுங்கள்.

சோதனைக்கு ஜிமெயில் வலை, ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப், ஐஃபோன் மெயில், யாருடைய ஆபீஸிலாவது ஒரு பழைய அவுட்லுக், இந்த நாலும் கட்டாயம். சென்னையில் ஸோஹோ மெயில் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம் என்பதால் அதில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரி என்றால் அனுப்பலாம்.

“நான் ஃபார்வர்டு பண்ணினேன், அவருக்கு உடைஞ்சு போச்சு”

இதற்கு மட்டும் கோடில் கை வைக்க வேண்டாம். ஃபார்வர்டு செய்யும்போது ஆப் உங்கள் எச்டிஎம்எல்-ஐத் தன் பாணியில் திருப்பி எழுதுகிறது. அவுட்லுக் அதை வேர்டாகவே மாற்றிவிடும், ஜிமெயில் ஸ்டைல் பகுதியைக் கழற்றிவிடும். ஆனால் சபா மெயில்களை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். அதனால் மெயிலின் மேலேயே ‘பிரவுசரில் பார்க்க’ என்று ஒரு சுட்டி வையுங்கள். அந்தச் சுட்டி போகும் பக்கத்தில் பெறுபவரின் பெயரோ உறுப்பினர் எண்ணோ இருக்கிறதா என்று மட்டும் அனுப்புவதற்கு முன் திறந்து பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள், அது யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.